கட்டைப் பிரித்தல்: ஒரு சிறு வரலாறு

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு முற்பகல் முழுவதையும், நகரத்து மருத்துவமனை ஒன்றில் கட்டுப் போடும் அறையின் வாசலில் கழிக்க நேர்ந்தது. நம் தமக்கை மகளுக்குப் பிறந்த ஆண்குழந்தைக்கு இரு பாதங்களும் உள்நோக்கி மடங்கியிருந்தன. பிறவி வளைபாதம் என்றார்கள். அஞ்ச வேண்டியதில்லை, வாரம் ஒரு மாவுக்கட்டு என்று ஐந்தாறு கட்டுகளில் பெரும்பாலும் நேராகிவிடும் என்றும் சொன்னார்கள். அது உண்மையும்கூட. தொடை வரை வெள்ளைக் கட்டுடன் குழந்தை ஒரு வாரம் வீட்டிலிருந்தான். அன்று முதல் கட்டைப் பிரிக்கும் நாள்.

கதவு சாத்தப்பட்டதும் உள்ளிருந்து ரம்பத்தின் இரைச்சல் எழுந்தது. தச்சுப்பட்டறையில் கேட்டிருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். அதற்கும் மேலாகக் குழந்தையின் அலறல் கேட்டது. கட்டுப் போடுபவர் நல்ல மனிதர். ஓடிக்கொண்டிருக்கும் ரம்பத் தகட்டைத் தம் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டி, "தோலை வெட்டாதும்மா, கட்டை மட்டுந்தான் வெட்டும்" என்று தாயைத் தேற்றியிருக்கிறார். தாய் தேறலாம். பிறந்து ஒரு மாதம் ஆன சிசுவுக்கு அந்த உள்ளங்கை என்ன சொல்லும்? பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவத்துக்கே இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

வெளியே வந்தபோது பெரிய காயம் எதுவுமில்லை; தொடையில் சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவே. ஆனால் தாயின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அறையிலிருந்த முதிய செவிலியர் ஒருவர், "முன்னாடியே சொல்லியிருந்தா நனைச்சே பிரிச்சிருக்கலாமே, தாயீ" என்றார், வெறும் பேச்சுவாக்கில். நம் தமக்கை மகள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "நனைச்சே பிரிக்கலாமா மாமா? அப்புறம் எதுக்கு இந்த மெஷினு?"

தமிழ் கற்பிப்பவரிடம் கேட்கத் தக்க கேள்வியல்ல அது. ஆயினும் விடாமல் உறுத்தியதால், அடுத்த சில வாரங்கள் கையில் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தோம். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கண்டறிந்தவர்களுக்குச் சிலைகளும் உண்டு. கட்டைப் பிரித்த வரலாறோ அந்நூல்களின் ஓரங்களில், ஒரு வரி இரு வரியாகச் சிதறிக் கிடக்கிறது.

நம் மொழியில் இதற்கு வழங்கும் சொல்லே சுவையானது. உள்ளே இருப்பது மாவல்ல, சுட்டுப் பொடித்த ஜிப்சம். பள்ளிப் பாடநூல் அதைப் பாரிஸ் சாந்து என்கிறது. ஆயினும் மக்கள் சொல்வது மாவுக்கட்டு. உளுந்து மாவையும் முட்டை வெண்கருவையும் குழைத்துத் துணியில் தடவி மூங்கில் பத்தைகளோடு கட்டிய நாட்டு வைத்தியரின் கட்டிலிருந்து அச்சொல் தொடர்ந்து வந்திருக்கலாம். அந்தக் கட்டை வெட்ட மாட்டார்கள். எண்ணெய் விட்டு ஊறவைத்து, இளகியதும் சுற்றுச் சுற்றாகக் கழற்றுவதை நம் இளமையில் கண்டதுண்டு. கட்டை 'வெட்டுதல்' என்று நாம் சொல்வதில்லை, 'பிரித்தல்' என்றே சொல்கிறோம். இதனால் நாட்டுக்கட்டே மேலானது என்று சொல்ல வரவில்லை. இறுக்கிக் கட்டியதால் இரத்த ஓட்டம் நின்று விரல்கள் கருத்துப்போன கதைகளும் அதே ஊர்களில்தான் உண்டு.

மாவு என்ற சொல் ஐரோப்பாவிலும் பொருந்தியிருந்த காலம் ஒன்றுண்டு. பெல்ஜியத்தின் படை மருத்துவரான லூயி செத்தான் 1830-களில் கஞ்சிப் பசையில் தோய்த்த துணிக்கட்டைப் புகழ்பெறச் செய்தார். கஞ்சி போட்ட வேட்டி விறைப்பதைப் போலவே அதுவும் விறைக்கும். முழுதும் உலர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். நம் கதைக்கு வேண்டியது அந்தக் கஞ்சியல்ல, அவர் அதோடு சேர்த்து உருவாக்கிய பெரிய கத்தரிக்கோல். கட்டு இறுகியதும் நெடுக வெட்டி இரு ஓடுகளாகத் திறந்து, உள்ளே வீக்கமுண்டா புண்ணுண்டா என்று பார்த்து, மறுபடி மூடிக் கட்டினார். அசையாததும் அதே சமயம் அகற்றத் தக்கதுமான கட்டு என்று பொருள்படும்படி அதற்குப் பெயரும் வைத்தார். போடும்போதே எடுப்பதைப் பற்றியும் எண்ணிப் பார்த்த மருத்துவர் என்ற வகையில், நாம் படித்தவரையில் இவரையே முதலில் வைக்கத் தோன்றுகிறது.

அதே காலத்தில் ஜிப்சத்தைக் கையாண்டவர்கள் இந்த அளவுக்கு எண்ணியதாகத் தெரியவில்லை. பெட்டிக்குள் காலை வைத்துச் சாந்தைக் குழைத்து ஊற்றிவிடுவது அன்றைய முறை. பெர்லினில் டீஃபென்பாக் வளைபாதக் குழந்தைகளுக்கே இப்படிச் செய்தார். உள்ளே கால், சுற்றிலும் கல். வெளியே எடுப்பதென்றால் கல்லை உடைக்க வேண்டும்.

1852-இல் டச்சு நாட்டுப் படை மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன் செய்த மாற்றம் எளியது. முரட்டுப் பருத்தித் துணிப் பட்டைகளில் உலர்ந்த சாந்துப் பொடியைத் தேய்த்துச் சுருட்டி வைத்துக்கொண்டார். வேண்டும்போது நீரில் நனைத்துச் சுற்றினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். இரண்டே ஆண்டுகளில் செவஸ்தபோல் முற்றுகையின்போது ருஷ்ய அறுவை மருத்துவர் நிக்கலாய் பிரகோவ் ஜிப்சக் கட்டைப் போர்க்களத்தில் பேரளவில் பயன்படுத்தினார். சிற்பி ஒருவரின் பட்டறையில் சாந்தில் தோய்த்த துணி இறுகுவதைக் கண்டதே தமக்குத் தூண்டுதல் என்று அவர் எழுதியிருக்கிறார். இருவருமே படை மருத்துவம் பார்த்தவர்கள். இருவர் முன்னும் கிடந்தவர்கள் போர்வீரர்கள். கட்டு எத்தனை விரைவில் இறுகும், வண்டியில் ஏற்றிச் செல்லத் தாங்குமா என்பவை அவர்களுடைய கேள்விகள். குழந்தை அந்தக் கணக்கில் இல்லை.

பிரிப்பதற்குப் பிறகு வந்த கருவிகளைப் பட்டியலிட்டால் கொல்லன் பட்டறை போலிருக்கும்: வளைந்த கத்தி, நீண்ட கைப்பிடிக் கத்தரி, கைரம்பம், பிளவை அகலப்படுத்தும் இடுக்கி. ஆனால் பழைய மருத்துவக் கையேடுகளில் ஒரு சிறு குறிப்பும் தவறாமல் வருகிறது. வெட்ட வேண்டிய கோட்டின் மேல் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்தால் சாந்து மெதுவாகிக் கத்திக்கு இடம் கொடுக்கும் என்பதே அது. இதன் வேதியியல் கடினமானதல்ல. ஜிப்சத்தைச் சுடும்போது அதற்குள் இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடுகிறது. மறுபடி நீர் பட்டால் அது இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊசி ஊசியான படிகங்களாக ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. கட்டுப் போடும்போது கை உணரும் இளஞ்சூடு அந்தப் பின்னலின் சூடு. இறுகிய கட்டை நன்றாக ஊறவைத்தால் படிகங்களின் பிடி தளர்கிறது. எந்த நீர் கட்டியதோ அந்த நீரே அவிழ்க்கவும் செய்கிறது.

இப்படி இருக்க, ரம்பம் ஏன் வந்தது? தமக்கை மகளின் கேள்விக்கு விடை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ என்ற ஊரில் இருக்கிறது. ஹோமர் ஸ்ட்ரைக்கர் அங்கே எலும்பு மருத்துவர். கருவிகள் செய்வதில் ஆறாத ஆசை உடையவர். அவர் வடிவமைத்த மின்ரம்பத்துக்கு 1947-இல் காப்புரிமை கிடைத்தது. அதன் தகடு முழுச் சுற்றாகச் சுழல்வதில்லை. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை, இம்மியளவு இப்பக்கமும் அப்பக்கமும் அதிர்கிறது. கெட்டியான சாந்து அசைய முடியாமல் அறுபடுகிறது. நெகிழும் தோலோ தகட்டோடு சேர்ந்து அசைந்து தப்பிக்கிறது. உண்மையிலேயே அழகான எண்ணம். அரைமணி நேரம் கத்தரியோடு மல்லாடிய இடத்தில் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. முந்தைய கருவிகளோடு ஒப்பிட்டால் ரம்பமே ஒரு கருணைதான். அதைக் கொடுமை என்று எழுதிவிட்டுப் போவது எளிது, நேர்மையல்ல.

ஆனால் அந்தக் கருணைக்கு நிபந்தனைகள் உண்டு. தகடு உராய்ந்து சூடேறும். மழுங்கிய தகடு இன்னும் கூடுதலாகச் சூடேறும். மேலும் கீழுமாக எடுத்து எடுத்து வைக்காமல் இழுத்துக்கொண்டே போனால், உள்ளே தோலில் தீக்கோடு விழும். 1970-களில் பரவிய ஃபைபர்கிளாஸ் கட்டு எடை குறைந்தது, நீருக்கு அசையாதது. அந்த உறுதியினாலேயே ரம்பத்துக்கு அதிக வேலையும் அதிகச் சூடும் வைப்பது. வளைபாதக் கட்டின் நிலைமை இன்னும் நுட்பமானது. பாதத்தின் வடிவத்தைக் கையால் பிடித்து உருவாக்க வேண்டியிருப்பதால் உள்ளே பஞ்சு மிக மெல்லியதாகவே வைக்கப்படுகிறது. மெல்லிய பஞ்சு, அதனினும் மெல்லிய தோல், துள்ளும் கால். ரம்பம் எண்ணிப் பார்த்த நோயாளி இவனல்ல.

இவனை எண்ணிப் பார்த்தவர் இக்னாசியோ போன்செட்டி. 1914-இல் ஸ்பெயினைச் சேர்ந்த மினோர்க்கா தீவில், கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகனாகப் பிறந்தார். பார்சிலோனாவில் மருத்துவம் படித்து முடித்த வேளையில் 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. குடியரசுப் படையில் மருத்துவராக இருந்து, தோல்விக்குப் பின் 1939-இல் காயமுற்றவர்களோடு பிரனீஸ் மலையைக் கடந்து பிரான்சுக்குள் நுழைந்து, அங்கிருந்து மெக்சிகோவுக்குக் கப்பலேறி, ஒரு சிற்றூரில் வைத்தியம் பார்த்து, 1941-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் சென்று சேர்ந்தார். அங்கே அவருக்குத் தரப்பட்ட வேலைகளுள் ஒன்று, வளைபாதத்துக்கு முன்பு அறுவை செய்துகொண்டவர்களின் கால்கள் பின்னாளில் எப்படியிருக்கின்றன என்று பார்ப்பது. அவை விறைத்தும் வலித்தும் இருந்தன. முரட்டுத்தனமாகத் திருப்பியதும் வெட்டியதுமே பழுது என்று கண்டு, 1940-களின் பிற்பகுதியில் தம் முறையைத் தொடங்கினார். விரல்நுனியால் மெல்ல நீவித் திருப்புவது, கட்டுவது, ஐந்திலிருந்து ஏழு நாட்களில் பிரித்து மீண்டும் சற்றே திருப்புவது, இறுதியில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிநாணில் ஒரு சிறு வெட்டு. 1963-இல் கட்டுரை எழுதினார். ஏறத்தாழ எவரும் பொருட்படுத்தவில்லை. 1996-இல் நூலாக எழுதினார். அதன் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. தங்கள் குழந்தையின் காலை வெட்ட விடமாட்டோம் என்று நின்ற பெற்றோர்கள் அதில் பெரும்பங்கு வகித்தார்கள். 2009-இல், 95-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

போன்செட்டி முறையைக் கற்பிக்கும் கையேடு பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. நாம் தேடியது அதில் வெளிப்படையாகவே இருந்தது. ரம்பத்தைத் தவிருங்கள், அது குழந்தையையும் குடும்பத்தையும் அச்சுறுத்துவது, தோலுக்கும் தீங்கு நேரலாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு வழிகளை அது காட்டுகிறது. கட்டை ஏறக்குறைய 20 நிமிடம் நீரில் ஊறவைத்து, ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்து, தோலில் படாமல் சாய்வாகப் பிடித்த கத்தியால் தொடைப்பகுதியை முதலிலும் முழங்காலுக்குக் கீழே உள்ளதைப் பிறகும் எடுப்பது ஒன்று. முழுதும் மெதுவாகும் வரை ஊறவைத்து, சுற்றிய துணியை அப்படியே கழற்றிவிடுவது மற்றொன்று. இதற்கு நேரம் கூடுதலாகும். இரண்டாவது வழிக்கு ஒரு சிறு முன்னேற்பாடு வேண்டும்: கட்டுப் போடும்போதே துணியின் கடைசி நுனியைப் பூசி மறைக்காமல், பின்னால் கண்டுபிடிக்கத் தக்கதாக விட்டுவைக்க வேண்டும். செத்தானின் கத்தரிக்கோலை இங்கே நினைத்துக்கொண்டோம். போடுகிறவன் எடுக்கிறவனை எண்ணி ஒரு நுனியை விட்டுவைக்கிறான்.

ஊறவைப்பதற்கு மின்சாரம் வேண்டாம். உகாண்டாவிலும் மலாவியிலும் 2000-களில் இம்முறை பரவியபோது, மருத்துவப் பட்டம் பெறாத சுகாதாரப் பணியாளர்களும் பயிற்சி பெற்று இதைச் செய்ய முடிந்தது. ஒரு வாளி நீரும் பொறுமையும் கிடைக்காத ஊரில்லை.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டிலேயே முதல் நாள் இரவு பிரித்துவிட்டு, குழந்தையை ஆசைதீரக் குளிப்பாட்டி மறுநாள் அழைத்து வருவது தாய்மாருக்கு எவ்வளவு நிறைவோ, பாதத்துக்கு அவ்வளவு கெடுதி. கட்டு நீங்கிய சில மணி நேரத்திலேயே பாதம் பழைய வளைவை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும். ஆகவே ஊறவைப்பது வீட்டில், பிரிப்பது மறுகட்டு போடுவதற்குச் சற்று முன் மருத்துவமனையில் என்கிறது கையேடு. கத்தியோ ரம்பமோ இல்லாமல் கையாலேயே கழற்றக்கூடிய, பாதி விறைப்பான ஃபைபர்கிளாஸ் துணி பின்னர் வந்தது. தொடர்கட்டுப் போடும் சிசுக்களின் பெற்றோர் அதையே விரும்பினார்கள் என்று 1996-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் வளைபாதத்தில் அதையும் பழைய சாந்துக்கட்டையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பாதம் நேரானதில் முந்தியது சாந்துக்கட்டுதான். பிரிக்க எளியதா என்பது ஒரு கேள்வி, பிரித்தபின் கால் எப்படியிருக்கிறது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்காக இரண்டாவதை விட்டுக்கொடுக்கலாகாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

சற்று வளர்ந்த, கை முறிந்து வரும் குழந்தைகளின் கதை வேறு. அவர்களுக்கு அச்சத்தைப் பற்றிப் பேச வாயிருக்கிறது. ஆனாலும் அவர்களிடம் பேச வேண்டும் என்று தோன்ற வெகுகாலம் ஆயிற்று. 1975-இல் அமெரிக்காவில் செவிலியர் துறை ஆய்வாளர் ஜீன் ஜான்சனும் உடன் இருவரும் செய்த ஓர் ஆய்வை, இந்த வரலாற்றின் மிக நுண்ணிய பக்கம் என்று சொல்வோம். கட்டுப் பிரிக்க வந்த 6 முதல் 11 வயதுக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு எதுவும் சொல்லவில்லை. இன்னொரு பிரிவுக்கு என்னென்ன செய்யப்போகிறார்கள் என்பதை ஒலிநாடாவில் சொன்னார்கள். மூன்றாம் பிரிவுக்கு, என்ன கேட்கும், உடம்பில் எப்படியிருக்கும் என்று சொன்னார்கள்: ரம்பத்தின் சத்தம் இப்படியிருக்கும், அதிரும், கொஞ்சம் சூடாகத் தெரியும், வெள்ளைத் தூள் பறக்கும், உள்ளே தோல் செதில் செதிலாக இருக்கும். மிகக் குறைவாகக் கலங்கியவர்கள் இந்த மூன்றாம் பிரிவினர்தாம். 'ஒன்றும் ஆகாது, பயப்படாதே' என்பதே உலகெங்கும் குழந்தைகளுக்குச் சொல்லப்படுவது. அதைவிட, உண்மையில் எப்படியிருக்கும் என்று சொன்னது அவர்களைத் தேற்றியிருக்கிறது.

பின்னர் வந்தவை இதன் கிளைகள். அச்சத்தைக் கிளப்புவது தகடு மட்டுமல்ல, ஓசையும்தான் என்று கண்டு காதுகளை மூடிப் பார்த்தார்கள். 2005-இல் வந்த ஓர் ஆய்வு காதுக்காப்பு அணிந்த குழந்தைகளின் பதற்றம் குறைந்ததைச் சொன்னது. 2007-இல் மெல்லிய இசையை ஒலிக்கவிட்டு இதயத்துடிப்பை எண்ணினார்கள். ரம்பத்துக்கும் தோலுக்கும் நடுவே செருகும் காப்புப் பட்டைகளும் வந்தன.

எல்லாவற்றிலும் மென்மையான பிரித்தல், கட்டே போடாதிருப்பது. சிறுவர்கள் கையூன்றி விழும்போது மணிக்கட்டின் அருகே எலும்பு முழுதும் முறியாமல் ஓரத்தில் புடைத்துக்கொள்வதுண்டு. குழந்தைகளிடம் மிக அதிகமாகக் காணப்படும் எலும்புக் காயங்களுள் அது ஒன்று. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 4 முதல் 15 வயதுக்குட்பட்ட 965 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2022-இல் லான்செட் இதழில் வந்தது. விறைப்பான கட்டோ பத்தையோ போட்டவர்களுக்கும், வெறும் மெல்லிய துணிச்சுற்றைக் கொடுத்து விரும்பும்போது கழற்றிக்கொள்ளச் சொல்லப்பட்டவர்களுக்கும் மூன்றாம் நாள் வலியில் வேறுபாடு இல்லை. அப்படியானால் எத்தனை தலைமுறைக் குழந்தைகள், தேவையே இல்லாத கட்டுக்காக அந்த ரம்பத்தின் முன் கைநீட்டி அமர்ந்திருப்பார்கள் என்ற எண்ணம் எழாமலில்லை. எல்லா முறிவுக்கும் இது பொருந்தாது. வளைபாதத்துக்குக் கட்டன்றி வழியில்லை.

இவற்றில் இயன்றதைத் தமக்கை மகளிடம் சொன்னோம். மெஷின் கெட்டதல்ல, அது வந்தது வேகத்துக்காக, உன் பிள்ளைக்காக அல்ல என்றோம். அவள் அதிகம் பேசவில்லை. அடுத்த முறை கட்டுப் போடும்போது நுனியை வெளியே விட்டுவைக்க வேண்டும் என்று கட்டுப் போடுபவரிடம் அவளே கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, துணியின் நுனியை மடித்து ஒரு காது போல நீட்டி வைத்தார். இதுவரை எவரும் தம்மிடம் அப்படிக் கேட்டதில்லை என்றார்.

அந்த வாரம் கழிந்த காலையில், அகன்ற பேசினில் இளஞ்சுடுநீர் நிரப்பிக் குழந்தையின் கால்களை அதில் தொங்கவிட்டு, 20 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துக் கழித்தோம். ஈரத்துண்டு சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஆட்டோவில் போனோம். அறைக்குள் இம்முறை நம்மையும் விட்டார்கள். குழந்தை தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான். முதிய செவிலியர் அந்தக் காதைப் பிடித்து இழுத்தார். துணி ஒரு சுற்று வந்தது, பிறகு நின்றது. இன்னும் கொஞ்சம் நீர் ஊற்றினார். மறுபடி வந்தது. முழங்காலருகே சாந்து தடித்திருந்த இடத்தில் விரலால் பிசைய வேண்டியிருந்தது. இரண்டு காலுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வரிசையில் நின்ற இருவர் கதவைத் தட்டினார்கள். குழந்தை இடையில் ஒரு முறை அழுதான். அது பால் மாற்றும்போது.

வெளுத்த நீர் நிறைந்த பேசினை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போன நம்மைச் செவிலியர் தடுத்தார். "அதுல ஊத்திடாதீங்க சார். குழாய்ல போய்க் கல்லா இறுகிடும். வெளியே மண்ணுல ஊத்துங்க."